எண் பொருந்தும் வண்டி

முதலில் கை வைக்கமாட்டேன்.
பானட்டைத் திறந்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா நிற்பேன்.
யார் புதியவர் என்று அவர்களே காட்டிக்கொடுப்பார்கள்,
கல்யாண வீட்டில் வாடகைக் கோட்டுக்குள் நெளிபவர்களைப் போல.

மில்டுராவில் இன்று நாற்பத்திரண்டு பாகை.
தகரக் கொட்டகைக்குள் அறுபத்தேழின் ஹோல்டன்.
அடிலெய்டுப் பல் வைத்தியர் ஒருவர் எனக்குக் கூலி தருகிறார்.
"எண் பொருந்த வேண்டும். மற்றதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்."
அதற்காக நாலரை மணிநேரம் ஓட்டி வந்திருக்கிறேன்.

காற்று வடிகட்டியின் மூடியில் ஸ்டிக்கர்: புதிது.
அந்தக் காலத்து நீலம் இவ்வளவு உற்சாகமாக இராது.
ரப்பர்க் குழாய்களின் வளையங்கள் போன வருடத்தவை.
ரேடியேட்டர் தொப்பி தைவான்.
தண்ணீர்ப் பம்பின் அடியில்
பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை நுழைத்தேன்
(என்னுடையது, வைத்தியர் தந்ததல்ல).
வார்ப்பில் எழுத்து இருக்கவேண்டிய இடம் வழுவழு.
தொழிற்சாலையில் போல்ட்டைப் பூட்டிய பிறகே சிவப்படித்தார்கள்;
இங்கே எல்லாம் சிவப்பு, போல்ட் மட்டும் பளபள.

கார்புரேட்டர் அசல்.
திருகாணித் தலைகளில் ஐம்பது வருடத்து வழுக்கல்கள்.
எனக்கு ஏன் சந்தோஷம் வந்தது என்று தெரியவில்லை,
என் வண்டியா என்ன.

பிறகு, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பக்கத்தில், எண்.
பெட்ரோல் துணியால் துடைத்தேன்.
பழைய பதிவுத்தாளில் உள்ள அதே எண்.
ஒரு பிழையும் இல்லை.
பிழையே அதுதான்.
எல்லா எண்களும் விளையாட்டுப்போட்டி அணிவகுப்பில் நிற்கின்றன.
வெள்ளிக்கிழமை பின்னேரம் சுத்தியல் பிடித்தவன்
இப்படி அடிக்கமாட்டான்.
ஒன்று சரியும், ஒன்று ஆழமாய் இறங்கும்.
தளத்தில் இயந்திரம் விட்ட நேர்க்கீறல்களும் இல்லை,
யாரோ பொறுமையாக, கையால் அராவிய சுழிகள்.

அசுந்தா கதவருகில் நின்றார், கையில் ஈரத் துவாய்.
"எல்லாம் அசல் என்றுதான் ரொக்கோ சொல்வார்."
என் படிவத்தில் இரண்டே பெட்டிகள். ஆம். இல்லை.
நடுவில் பன்னிரண்டாயிரம் டாலர்.
சொன்னேன்:
இந்த எஞ்சின் இந்தக் காருக்குப் பிறந்ததில்லை.

"ஓ, அதுவா," என்றார்,
வைத்த இடம் மறந்த சாவி அகப்பட்டதைப் போல.
"எழுபத்தெட்டில் வெடித்தது. திராட்சை அறுவடை நேரம்.
அன்றிரவே இன்னொன்று கொண்டுவந்தார்.
எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை.
நீங்களும் கேட்காதீர்கள்."

பின்வளவு. எலுமிச்சைக்கு அப்பால்
மழைத்தண்ணீர்த் தொட்டியின் கால் ஒன்றுக்கு அடியில்
பக்கவாட்டில் படுத்திருந்தது.
சொட்டுநீர் விழுந்த பக்கம் துரு செதில் செதிலாக.
மண்டியிட்டேன். கம்பித் தூரிகை. சோக்குக்கட்டி.
ஒன்று, எட்டு, ஆறு,
அதன் பின்னால் மற்றவை வந்தன
தவறணை மூடியபின் வீடு திரும்பும் வரிசையில்.
ஓர் ஐந்து இரண்டுதரம் அடிபட்டிருந்தது:
அந்த நொடியில் அவனை யாரோ
பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

இரண்டாம் சிலிண்டரிலிருந்து மூன்றாவது வரை
நகம் இறங்கும் வெடிப்பு.
நாலாவதிலிருந்து நீலநாக்கு ஓணான் ஒன்று தலை நீட்டி
தன் அசல் பாகத்தை எனக்குக் காட்டியது.
"நாலு வருடமாக அங்கேதான்," என்றார் அசுந்தா.

வைத்தியருக்கு அழைத்தேன்.
எண் பொருந்துகிறதா?
பொருந்துகிறது, இரண்டு எஞ்சினிலும்.
ஒன்று ஓடுகிறது.
மற்றது தண்ணீர்த் தொட்டியைத் தாங்குகிறது.
கொஞ்சநேரம் அவர் பக்கத்தில் துளைக்கருவியின் சத்தம் மட்டும்.
"அப்படியானால் அதையும் ஏற்றிக்கொண்டு வாருங்கள்."

அசுந்தாவுக்கு அது கேட்டுவிட்டது.
"அதற்கு விலை வேறு," என்றார்,
ஓடுகிறதைவிடக் கூடச் சொன்னார்.

வண்டிக்குள் ஏசியைப் போட்டு
படிவத்தை மடியில் வைத்தேன்.
ஆம், இல்லை இரண்டையும் விட்டுவிட்டு
அடியில் இருந்த குறிப்பு வரியில் எழுதினேன்:
அசல் எஞ்சின் உண்டு.
தற்போது ஆள் இருக்கிறது.